ஆர்டிஸ் வீட்டு சிக்கன்

1972 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. ஆர்டிஸ் ரைஸ்விக் தன் இருபதாவது வயதில், சாப்பாட்டுத் தட்டில், முதன்முதலாக ஓர் எலும்பைப் பார்த்தது அன்றுதான்.

கோழியைப் பார்க்காதவள் இல்லை. மிச்சிகனின் தென்மேற்கு மூலையில், பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எல்ம்விக்கில், பாதி வீடுகளின் கொல்லையில் கோழி மேய்ந்தது. அது முட்டைக்கு. சிக்கன் என்பது வேறு சங்கதி. சிக்கன் டப்பாவில் வரும். ஊர்க்கோடியில், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் சபைக்காரர்கள் நடத்திய தொழிற்சாலையில் கோதுமையையும் சோயாவையும் அரைத்து, அவித்து, உப்புத் தண்ணீரில் போட்டு அடைத்து அனுப்புவார்கள். ஆர்டிஸின் அப்பா அங்கே டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரத்தில் நின்றவர். விசேஷ நாளென்றால் அதே சரக்கு மரக்குச்சியில் செருகி வரும். பிள்ளைகள் குச்சியைப் பிடித்துக் கடித்துத் தின்றுவிட்டு, குச்சியை நக்கி எறிவார்கள். சிக்கன் காலென்றால் அதுதான்.

மூன்று தலைமுறையாக மாமிசம் தொடாத வீடு அது. தொடாததால்தான் அந்தப் பெயர்களைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஹாம் என்கிற பன்றித்தொடை, கிறிஸ்துமஸுக்கு வான்கோழி, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு சாசேஜ். எல்லாம் பயிர் பச்சையிலிருந்து வந்தவை. ஊரில் யாரும் இதை விளக்க வேண்டியிருந்ததில்லை. கேட்பதற்கு வெளியாள் யாரும் வந்ததில்லை.

வெளியாளாக வந்தவன் வெர்லின் ஹோல்கோம்ப். சபைப் பள்ளியின் கொதிகலன் பழுதானபோது அதைச் சரிசெய்ய இந்தியானா எல்லையிலிருந்து வந்தான். ஆர்டிஸ் அந்தப் பள்ளியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கொதிகலன் ஒரே நாளில் சரியாகிவிட்டது. ஆனாலும் மாதக்கணக்கில் அவன் அதைப் பார்க்க வந்துகொண்டே இருந்தான். கடைசியில் அவன் அம்மா ஓபல், "யாருடா அந்தப் பொண்ணு? ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. அதுக்கு என்ன புடிக்கும்னு கேட்டுச் சொல்லு" என்றாள். அவன் தொலைபேசியில் கேட்டான். ஆர்டிஸ் யோசிக்காமல் சொன்னாள்.

"எனக்கா? சிக்கன்னா உயிரு."

ஓபல் ஹோல்கோம்ப் கோழிப்பண்ணை வைத்திருந்தவள். வருங்கால மருமகளுக்காக நல்ல கோழியாகப் பார்த்து அறுத்தாள். காலையிலிருந்து குழம்பு கொதித்தது. அதில் டம்ப்ளிங் என்கிற மாவுருண்டைகளைப் போட்டு, மூடி, வேகவைத்து, பெரிய பீங்கான் சட்டியில் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தாள். ஆர்டிஸின் தட்டில் கால் துண்டு விழுந்தது. அவள் ஒரு வாய் கடித்தாள். நார் நாராகப் பிரிந்தது, நாக்கில் எண்ணெய் பரவியது. புதுத் தொழிற்சாலைச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு குச்சியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"வெர்லின், இந்தக் குச்சி ஏன் வளைஞ்சிருக்கு?"

வெர்லினுக்குத்தான் முதலில் உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"என்னடா கேக்குது அந்தப் பொண்ணு?" என்றாள் ஓபல்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா."

"என்ன தப்பு? நாள் தவறாம முட்டை போட்ட கோழிய அறுத்து வெச்சிருக்கேன். சிக்கன்னா உயிருன்னு சொன்னது யாரு?"

"நான்தான், மிஸஸ் ஹோல்கோம்ப்" என்றாள் ஆர்டிஸ். காது மடல் வரை சிவந்திருந்தது. "ஆனா எங்க சிக்கன் கோதுமைல பண்றது."

ஓபல் அவளையே பார்த்தாள். "கோதுமைக்கு ஏன் கண்ணு கோழி பேரு வெச்சீங்க?"

"தெரியல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வெச்சிட்டாங்க."

ஓபல் சிரித்தாள் பாருங்கள், மேசை குலுங்கியது. "எங்க வீட்டுக் கோழிக்கு எலும்பு இருக்கும்மா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளே தவிர அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆர்டிஸ் அன்று சாப்பிட்டது ரொட்டியும் வெள்ளரித் துண்டும். திரும்பி வரும் வழியில் வெர்லினின் டிரக்கில் அவள் வயிறு கூப்பிட்டது அவனுக்கும் கேட்டது. சாலையோரக் கடையில் நிறுத்தி ஒரு கூடை ஸ்ட்ராபெரி வாங்கி அவள் மடியில் வைத்தான். எல்ம்விக் வருவதற்குள் கூடை காலி. கல்யாணம் அந்தக் கூடையில்தான் முடிவாயிற்று என்பாள் ஆர்டிஸ்.

மறு வருஷம் வெர்லின் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று சபையில் சேர்ந்தான். சிகரெட்டை விட்டான், காப்பியை விட்டான், மாமிசத்தை விட்டான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் எங்கம்மா வீட்டு மேசைல ஒரு வார்த்தை இருக்கும், 'சிக்கன் வந்தாச்சு'ன்னு. அது இல்லேன்னா எனக்கு அது ஞாயித்துக்கிழமையே இல்ல. நீ எதுல வேணாலும் பண்ணு. அந்த வார்த்தை மட்டும் எனக்கு வேணும்."

"அவ்வளவுதானே?" என்றாள் ஆர்டிஸ். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வீட்டில் டப்பா அடுக்கடுக்காக இருந்தது.

ஆனால் வெர்லின் பொய் சொல்லத் தெரியாதவன். முதல் ஞாயிற்றுக்கிழமை டப்பாச் சரக்கில் குழம்பு வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு, ஆர்டி. ஆனா இது சிக்கன் இல்ல." கோபம் இல்லை, குறை இல்லை. கொதிகலன் பார்க்கிறவன் அழுத்தமானியைப் பார்த்து அளவு சொல்கிற மாதிரி சொன்னான். அன்று அவள் ஒரு முடிவு எடுத்தாள். அவன் வாயால் சொல்லும்வரை அந்த வீட்டில் அந்தப் பெயரை அவளும் சொல்வதில்லை.

டப்பாவை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் தானே மாவு பிசைந்தாள். பிசைந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கிக் கழுவுவாள். வெள்ளை வெள்ளையாகப் பால் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ரப்பர் மாதிரி ஒரு சக்கை மிஞ்சும். நம் ஊர் அல்வாக்காரன் பாலை வைத்துக்கொண்டு சக்கையை எறிவான். அவளுக்கு வேண்டியது சக்கைதான். அதை இழுத்து, முறுக்கி, மடித்து, துணியில் கட்டி வேகவைப்பாள். நார் பிரிகிறதா என்று விரலால் பிய்த்துப் பார்ப்பாள். அவளுக்கு அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: ஓபல் வீட்டில் விழுங்கிய அந்த ஒரு வாய்.

ஞாயிறுகள் போயின. "கிட்ட வந்துட்டே" என்பான். "போன வாரம் இதைவிடக் கிட்ட இருந்துச்சு" என்பான். ஒருநாள் அவளே டிரக்கை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போய் நின்றாள்.

"அம்மா, உங்க குழம்புல என்ன போடறீங்க?"

"கோழி" என்றாள் ஓபல்.

"அதைத் தவிர."

ஓபல் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள். மிளகு. ஆர்டிஸ் ஒரு அடி பின்னால் போனாள். அந்தக் காலத்து சபை வீடுகளில் மிளகு, கடுகு, வினிகர் மூன்றும் ரத்தத்தைச் சூடாக்கும் என்று சேர்ப்பதில்லை. அவள் அம்மா வீட்டுக்குள் மிளகு வந்ததே இல்லை.

"என்ன, பாம்பையா காட்டினேன்? மிளகு இல்லாம குழம்பா? அதான் என் புள்ளை இளைச்சுப்போய்க் கெடக்கான்" என்றாள் ஓபல்.

எல்ம்விக் கடையில் மிளகு வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஊரில் போய், சாராயம் வாங்குகிறவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

1978 ஜனவரியில் பெரும் பனிப்புயல் அடித்தது. கதவைத் திறந்தால் பனிச்சுவர். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெர்லின் தட்டை வழித்து முடித்தான். நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் சிக்கன் போடு."

ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, ஒரு கரண்டி போடுகிற வேலையை ரொம்ப நேரம் செய்தாள். அவன் தான் சொன்னதைக் கவனித்தானா என்பதே தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாலைகளில் பனி விலகிய முதல் சனிக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நடக்கிற கூட்டுச் சாப்பாட்டுக்கு அந்தச் சட்டியைக் கொண்டுபோனாள். ஆளுக்கொரு பாத்திரம், பாத்திரத்துக்கு முன்னால் ஓர் அட்டை, அதுதான் வழக்கம். அவள் அட்டையில் தடித்த எழுத்தில் எழுதினாள்: சிக்கன் டம்ப்ளிங். வேதபாட ஆசிரியை ஒருத்தி கரண்டியால் கிளறி, "சிஸ்டர் ஆர்டிஸ், இதென்ன கருப்பு கருப்பா?" என்றாள். வரிசையில் பின்னால் நின்ற வெர்லின் குரல் கொடுத்தான்: "மிளகு, சிஸ்டர். ரத்தம் சூடாகும். வெளிய பனி, நல்லதுதானே? அள்ளிப் போட்டுக்குங்க." சபையே சிரித்தது. சட்டி காலியாகித் திரும்பியது.

அதன்பின் நாற்பத்தைந்து வருஷம் அந்த அட்டை மாறவில்லை. பழையது நைந்தால் புதியதில் அதையே எழுதுவாள். மாவுருண்டையில் பாலுக்குப் பதில் சோயா பால் வந்தது. முட்டையும் வெண்ணெயும் போயின. வெர்லின் போய் ஆறு வருஷம் ஆகிறது. பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். மாதம் இருமுறை அது எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் இருந்தது.

2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை டார்லா விட்டேகர் சபைக்கு வந்தாள். ஐம்பதை நெருங்கியவள், ஆப்பிள் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை. மாமிசத்தை விட்டுப் பல மாதமாகியிருந்தது. இங்கே யாரும் மாமிசம் சாப்பிட மாட்டார்கள் என்று கூட வேலை செய்பவள் சொல்லி வந்திருந்தாள். ஆராதனை முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தவள் மேசையைப் பார்த்தாள். வான்கோழி ரோஸ்ட். ஹாம். மீட்பால். மீன் துண்டு. சிக்கன் டம்ப்ளிங். எல்லாம் அழகான கையெழுத்தில்.

அவளுக்குப் பின்னால் எல்வுட் நின்றான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், வெர்லினின் கூட்டாளி, வாய் ஓயாதவன். "மேடம், எதை விட்டாலும் ஆர்டிஸோட சிக்கனை விட்டுறாதீங்க. அதை விட்டுட்டுப் போனா பாவம், அடுத்த வாரம் பாஸ்டர் உங்களப் பத்தித்தான் பிரசங்கம் பண்ணுவார்" என்றான்.

டார்லா கேரட்டும் ஒரு ரொட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். பாதியில் எழுந்து போய்விட்டாள். யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை, புதிதாக வந்தவர்களை விசாரிக்கிற வழக்கப்படி ரெய்னா ஒகாம்போ அவளுக்கு போன் செய்தாள். ரெய்னா இதய நோய்ப் பிரிவில் நர்ஸ். இப்போது சமையலறைக் குழுவுக்குத் தலைவி. சின்ன வயசில் குழந்தைகள் வகுப்பில் ஆர்டிஸிடம் பாட்டுக் கற்றவள். டார்லா சுருக்கமாகச் சொன்னாள்: "உங்க சபைல கறி சாப்பிட மாட்டாங்கன்னாங்க. மேசை முழுக்க அதுதான் இருந்துச்சு. பரவாயில்ல, நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அன்று மாலையே ரெய்னா ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தாள். எல்வுட் ஏற்கெனவே அங்கே இருந்தான். கொல்லையில் உதிர்ந்த இலைகளை வாரிக் குவித்துவிட்டு அடுப்படியில் ரொட்டிக்கு ஆப்பிள் பட்டர் என்கிற ஆப்பிள் விழுதைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், அட்டைல கறி பேரு வேணாம்னு குழுவுல சொல்லப்போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லிடணும்னு வந்தேன்" என்றாள் ரெய்னா.

"அம்பது வருஷமா யாரும் ஏமாந்ததில்லையே ரெய்னா."

"ஏமாந்தவங்க போயிட்டாங்க சிஸ்டர். அதனாலதான் உங்களுக்குத் தெரியல."

எல்வுட் விடவில்லை. "ஏம்மா, இந்த ஆப்பிள் பட்டர்ல பட்டர் எங்க இருக்கு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இல்ல. எவனாவது வழக்குப் போட்டானா?"

"பிரதர் எல்வுட், ஆப்பிள் பட்டரைப் பாத்துட்டு யாரும் பசியோட வீட்டுக்குப் போனதில்ல."

"வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அந்தம்மா?"

"கேட்டிருக்கலாம்தான். சிஸ்டர் ஆர்டிஸ், அன்னிக்கு எலும்பைப் பாத்தப்ப நீங்க கேட்டீங்களா, 'வேற என்ன இருக்கு'ன்னு?"

சபையில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. வெர்லின் கல்யாண நாள்தோறும் சொல்லிச் சிரிக்கவைத்த கதை. இத்தனை வருஷம் சொன்னதில், பசியோடு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் கதை திரும்பியதே இல்லை. ஆர்டிஸ் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

"எழுதறதா இருந்தா வேற என்ன எழுதச் சொல்ற?"

"'போலி சிக்கன்'னு சிலர் சொல்றாங்க. எனக்கும் மனசில்ல. யோசிப்போம்" என்றாள் ரெய்னா.

அவள் போனதும் எல்வுட் சொன்னான்: "நீ விட்டுக்குடுக்காதே. வெர்லின் இருந்தா விட்டிருப்பானா?"

வியாழக்கிழமை ஆர்டிஸ் ஒரு சின்னச் சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, டார்லா குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே பாதிதான் தெரியும். பாதி, மன்னிப்புக் கேட்க. மீதிப் பாதி, ஒரு வாய் ருசித்தால் அவளே "இதுக்கு என்ன பேரு வெச்சா என்ன!" என்று சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை.

கதவைத் திறந்த டார்லா வேலை உடுப்பிலேயே இருந்தாள். ஆர்டிஸ் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "அன்னிக்கு மேசைல இருந்தது ஒண்ணுகூட கறி இல்லம்மா. எல்லாம் கோதுமை, சோயா, கொட்டைப்பருப்பு. நாங்க பேரு மட்டும் அப்படி வெச்சுக்கறது. யாராவது நம்புவாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"அவ்வளவும் கோதுமையா?"

"அவ்வளவும்."

டார்லா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. ஷூவைக் கழட்ட வேணாம்."

மேசையில் உட்கார்ந்ததும் ஆர்டிஸ் எலும்புக் கதையைச் சொன்னாள். "குச்சி வளைஞ்சிருக்கு" என்ற இடத்தில் டார்லா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் இந்தியானால கோழி அறுக்கற ஆலைல பதினோரு வருஷம் இருந்தேன். கோழிய கொக்கியில மாட்டற எடம். விட்டுட்டு வந்து ஒரு வருஷமாச்சு. உங்களுக்கு அது வெறும் பேரு. அந்த ஒரு வாயைத் தவிர நீங்க கோழி தின்னதில்ல, கொன்னதில்ல. எனக்கு அந்த வார்த்தைக்கு வாடை இருக்கு. அட்டைல அதைப் பாத்ததும் கை நாறுற மாதிரி இருந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத வாடை அது."

ஆர்டிஸ் சட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஏன்? கோதுமைதானே? குடுங்க." டார்லா கரண்டியை எடுத்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். மாவுருண்டை ஒன்றை இரண்டாக வெட்டிக் குழம்பில் புரட்டினாள். "மிளகு சரியா இருக்கு. எங்க வீட்டுலயும் இப்படித்தான் தூக்கலாப் போடுவாங்க."

ஆர்டிஸால் அடக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக் கேள்வி அது. கோழியை இவ்வளவு தெரிந்த ஆள் இனி எதிரில் உட்காரப்போவதில்லை.

"சிக்கன் மாதிரி இருக்கா?"

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். "இதுவா? துளிகூட இல்ல." கேட்டவளின் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சிக்கன் இல்ல. இருந்திருந்தா என்னால ஒரு வாய் தின்னிருக்க முடியாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆர்டிஸ் வண்டியை ஓர் ஆப்பிள் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தினாள். அறுவடை முடிந்து ஏணிகள் மரங்களில் சாய்ந்து நின்றன. வெர்லின் பொய் சொல்லத் தெரியாதவன். அப்படியானால் 1978 ஜனவரியில் என்ன நடந்தது? ஐந்து வருஷமாக அவள்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தாள். நடந்தது அவன். வாரம் ஒரு தட்டாக, அம்மா வீட்டுக் குழம்பின் ருசியை மறந்து மறந்து, அவள் சட்டிப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறான். வந்து சேர்ந்த நாளில் கையோடு அந்த வார்த்தையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவ்வளவு தூரம் நடந்தது அவனுக்கே தெரிந்திருக்காது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏமாந்த சிரிப்பு இல்லை. ஸ்ட்ராபெரிக் கூடை ஞாபகம் வந்தது. வெர்லின் அன்று சொன்னது அட்டையில் எழுதி ஊருக்குக் காட்டுகிற வார்த்தை இல்லை என்று பட்டது. அடுப்படியில் இரண்டு பேருக்குள் சொன்னது. மேசையிலிருந்து எடுத்தால் எங்கேயும் போய்விடாது.

அடுத்த திங்கட்கிழமை சபைக் குழு கூடியது. ஆர்டிஸ் சண்டைக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்து எல்வுட் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெய்னா சொல்லி முடித்ததும் ஆர்டிஸ் எழுந்தாள்.

"பேரை எடுத்துடலாம். என் அட்டைலேர்ந்தே ஆரம்பிங்க."

"ஆர்டிஸ்! உடம்பு சரியில்லையா?" என்றான் எல்வுட்.

"இரு எல்வுட். ரெண்டு விஷயம். ஒண்ணு, வீட்டுல அவங்கவங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் யாரும் கேக்கக் கூடாது. எங்க வீட்டுல அது சிக்கன்தான். ரெண்டாவது, 'போலி'ன்னு எழுதினா என் சட்டி இந்தக் கூடத்துக்குள்ள வராது. அது எதுக்கும் போலி இல்ல. அதைச் சாப்பிட்டு ஒரு மனுஷன் நாப்பது வருஷத்துக்கு மேல இருந்திருக்கான். உள்ள என்ன இருக்கோ அதை எழுதுங்க. கோதுமை, மாவுருண்டை, மிளகு. பசியோட வர்றவங்களுக்கு அதுதானே தெரியணும்?"

"மிளகையும் எழுதணுமா?" என்றார் ஒரு முதியவர். அந்தப் பழைய கூச்சம் இன்னும் அவர் குரலில் இருந்தது.

"பெருசா எழுதணும்" என்றாள் ஆர்டிஸ்.

"அப்ப ஹாமுக்கு என்னன்னு எழுதறது?" என்று கேட்டான் எல்வுட். "எங்க வீட்டுல பண்ற ஹாம்ல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதே. டப்பாவைத் திறப்பேன், அறுப்பேன்."

"டப்பாவைத் திருப்பிப் படிங்க, பிரதர்" என்றாள் ரெய்னா. "நீங்க கண்ணாடி வாங்கி நாலு மாசமாச்சு. இன்னும் பெட்டியைப் பிரிக்கலன்னு கேள்வி."

தீர்மானம் நிறைவேறியது. எதிராக எழுந்த ஒரே கை எல்வுட்டுடையது. அதுவும் பாதியில் தலையைச் சொறிவதுபோல் இறங்கிவிட்டது.

நவம்பர் முதல் சனிக்கிழமை டார்லா வந்தாள். மேசையில் புது அட்டைகள். ஆர்டிஸின் சட்டிக்கு முன்னால், "மாவுருண்டைக் குழம்பு: கோதுமை, சோயா பால், நிறைய மிளகு" என்று இருந்தது. டார்லா இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு நகர்ந்தாள். அவள் காது கேட்காத தூரம் போகும்வரை பொறுத்திருந்த எல்வுட், ஆர்டிஸின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"அந்தச் சிக்கனை இப்படித் தள்ளு."

"மெதுவாச் சொல்லு" என்றாள் ஆர்டிஸ். சொல்லிக்கொண்டே அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

ஜனவரியிலிருந்து டார்லா சமையலறைக் குழுவில் இருக்கிறாள். அட்டைகளை எழுதுவது அவள் வேலை.